தீவுப் பெண்கள் கேட்ட நெடுங்கதை

கண்ணகையின் கதையில் எங்கள் தீவுகளுக்கு ஒரு பங்கு இருக்கிறது. இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. மட்டக்களப்புப் பக்கத்தில் கண்ணகி வழக்குரை என்றும் யாழ்ப்பாணப் பக்கத்தில் கோவலனார் கதை என்றும் வழங்கிய நெடும்பாட்டில்தான் அது இருக்கிறது. அந்தக் கதையில் கண்ணகை ஒரு வணிகன் வீட்டில் சாதாரணமாகப் பிறந்த பெண்ணல்ல. நெற்றிக்கண் படைத்த பாண்டியனை அடக்க அவனுடைய சோலையில் மாங்கனியாக வந்து உதித்தவள். கனி பிள்ளையானது. இந்தப் பிள்ளையால் மதுரை அழியும் என்று சோதிடர் சொல்ல, பாண்டியன் அவளைப் பேழையில் வைத்துக் கடலில் விட்டான். பேழை காவிரிப்பூம்பட்டினத்துக்கு மிதந்து போனது. அங்கே மாநாகர் என்ற வணிகர் எடுத்து வளர்த்தார். அவளுடைய காற்சிலம்புக்கு நாகமணி வேண்டியிருந்தது. அது கிடைத்த இடம் நாகதீவு, எங்கள் நயினாதீவு. மணியெடுக்கக் கப்பலோட்டி வந்தவன் மீகாமன். அவனைக் கடலில் மறித்தவன் நெடுந்தீவில் இருந்த முக்குவர் தலைவன் வெடியரசன்.

நான் புங்குடுதீவு இறுப்பிட்டியில் பிறந்தவள். தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். சிலப்பதிகாரத்தைப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதற்குப் பல வருசம் முந்தியே இந்த மீகாமனும் வெடியரசனும் எனக்குப் பழக்கம். ஐம்பதுகளில், பொழுதுபட்டு விளக்கு வைத்த பிறகு, எங்கள் வீட்டுத் திண்ணையில் பெண்கள் வந்து கூடுவார்கள். கையில் வேலையிருக்கும். ஒருவர் கடகம் பொத்துவார், ஒருவர் பாயிழைப்பார், பனங்கிழங்குக் காலமென்றால் ஒடியலுக்குக் கிழங்கு கிழிப்பார்கள். ஆச்சி கதை சொல்லுவா. ஆச்சிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் கடற்போர் தொடங்கினால் எத்தனை கப்பல், எந்தத் தம்பி எந்தத் திசையால் வந்தான், யாருடைய கப்பல் முதலில் உடைந்தது என்று ஒன்றும் பிசகாது.

அந்தக் கதை ஓர் இரவில் முடியாது. வெடியரசன் பிடிபட்டால் அவன் தம்பி வீரநாராயணன் வருவான். அவனுக்குப் பிறகு விளங்குதேவன். போர் முடிந்து மணி கிடைத்து, சிலம்பு செய்து, கலியாணம் நடந்து, மாதவி அரங்கேறி, பொன் எல்லாம் கரைந்து, வழிநடை தொடங்கும்போது பனங்கிழங்குக் காலமே முடிந்திருக்கும். மட்டக்களப்பு ஏட்டில் இவை ஒவ்வொன்றும் தனித்தனிக் காதை: கடலோட்டு, கலியாணம், அரங்கேற்று, பொன்னுக்கு மறிப்பு, வழிநடை, அடைக்கலம், கொலைக்களம், உயிர்மீட்பு, வழக்குரை, குளிர்ச்சி. பண்டிதர் வி. சீ. கந்தையா இதைப் பதிப்பித்த பிறகுதான் நான் அந்த வரிசையை அச்சில் கண்டேன். ஆச்சியின் வரிசையும் ஏறக்குறைய அதுதான்.

இந்தக் கதைக்குள் நாங்கள் அப்படி அமிழ்ந்து போனதற்குக் காரணம் கடல் என்று நினைக்கிறேன். குறிகட்டுவான் துறையில் நின்றால் மேற்கே நயினாதீவு தெரியும். தென்மேற்கே வள்ளம் விட்டால் நெடுந்தீவு. அங்கே முருகைக்கல்லால் ஆன இடிபாடு ஒன்று இன்றும் வெடியரசன் கோட்டை என்றுதான் சொல்லப்படுகிறது. தொல்லியலாளர் அதில் காண்பது பழைய பௌத்த தூபிகளின் எச்சம். இரண்டும் எனக்கு வேண்டும். தூபி கட்டியவர்கள் போன பிறகு அந்தக் கல்லுக்குள் ஓர் அரசனைக் குடியிருத்தி அவனை மறக்காமல் வைத்திருந்ததும் வரலாறுதானே. இந்தக் கடல் கப்பல்களை உடைத்த கடல் என்பதற்கும் கல்லிலே சாட்சி உண்டு. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளைக் காக்கச் சொல்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் கால்பங்கு அரசனுக்கு, முக்கால்பங்கு உடையவனுக்கு. பிற சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. அரசன் சட்டம் போடும் அளவுக்குக் கப்பல் உடைந்த இடத்தில்தான் மீகாமன் கதையும் நடக்கிறது.

மணிமேகலையையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். சீத்தலைச் சாத்தனார் எழுதிய முப்பது காதைகளில், கடல்தெய்வம் உறங்குகிற மணிமேகலையைத் தூக்கி வந்து மணிபல்லவத் தீவில் விடுகிறது. அங்கே அவள் புத்தபீடிகையைக் கண்டு பழம்பிறப்பை உணர்கிறாள். கோமுகிப் பொய்கையில் அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. பிறகு வானத்தால் பறந்து திரும்புகிறாள். அந்த மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்ளும் அறிஞர் உண்டு. அந்தப் பீடத்துக்காக இரண்டு நாக அரசர் சண்டையிட்ட செய்தி மகாவம்சத்திலும் நாகதீபத்தின் கதையாக வருகிறது. உ. வே. சாமிநாதையர் 1898இல் அச்சிட்ட பிறகு மணிமேகலை படித்தவர் கைக்கு வந்தது. எங்கள் திண்ணைக்கு அது வரவில்லை. ஆச்சி அவளை அறியாமலே போனா. அது எனக்கு இன்றும் மனத்தாங்கல். மந்திரம் தெரிந்த, பறக்கத் தெரிந்த, ஊருக்கே சோறு போட்ட ஒரு பெண் ஒரு கல்லெறி தூரத்துத் தீவில் இறங்கியிருக்கிறாள், அவளைத் தெரியாமல் கதை கேட்டோமே.

கதை கேட்ட பெண்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். புங்குடுதீவு ஆம்பிளைகள் பெரும்பாலும் ஊரில் இல்லை. கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்திருந்தார்கள், அல்லது கடையில் நின்றார்கள். பலசரக்கு, சுருட்டு, சாப்பாட்டுக் கடை. திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் வருவார்கள், காசுக்கட்டளை அனுப்புவார்கள். வயல் விதைப்பு, வேலி அடைப்பு, பனங்காணிக் கணக்கு, கோடையில் நல்ல தண்ணிக்கு அலைவது, பிள்ளைகளின் படிப்பு, வழக்கு, வாய்க்கால் எல்லாம் பெண்கள் தலையில். புருசன் பொன்னைத் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்த கதை அவர்களுக்கு எடுத்து விளக்க வேண்டிய கதையல்ல. பொன்னுக்கு மறிப்புக் காதை வரும்போது திண்ணையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அல்லி அரசாணியும் இதே திண்ணைக்கு வந்தாள். அவள் வந்தது புத்தகமாக. சென்னையில் அச்சான பெரிய எழுத்துக் கதைப்புத்தகங்கள் திருவிழாக் கடைகளில் கிடைக்கும். அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு மாலை, ஏணியேற்றம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் தொடர் அது. அட்டையில் புகழேந்திப் புலவர் பெயர் இருக்கும். நளவெண்பாப் பாடிய புகழேந்திக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை என்றே அறிஞர் சொல்வர். வில்லிபுத்தூரார் பாரதத்தில் பாண்டியன் மகள் சித்திராங்கதை அருச்சுனனை மணந்து சிறிது இடத்தில் முடிந்துபோகிறாள். இந்தப் புத்தகங்களில் அவளிடத்தில் அல்லி நிற்கிறாள். நீன்முகன் பறித்து வைத்திருந்த மதுரையை வாளெடுத்து மீட்டவள். அரண்மனைக் காவலும் படையும் மந்திரமும் எல்லாம் பெண்கள் கையில். ஆம்பிளையை ஏறெடுத்துப் பார்க்க மாட்டேன் என்றிருந்தவளிடம் அருச்சுனன் கண்ணனின் தந்திரத்தால் பாம்பாக உள்ளே போகிறான், அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். விழித்தவள் படை திரட்டுகிறாள்.

வாசித்தது எங்கள் குஞ்சியம்மா. அரிக்கன் லாம்பைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு இராகம் போட்டு வாசிப்பா. தாலி கட்டும் இடம் வந்தால் ஆச்சி எழும்பி அடுப்பைப் பார்க்கப் போய்விடுவா. குசினிக்குள் இருந்துகொண்டே கேட்பா, "எடி பிள்ளை, அவள் எழும்பியிட்டாளோ? வாளை எடுத்திட்டாளோ?" எடுத்துவிட்டாள் என்று சொன்ன பிறகுதான் திரும்பி வருவா. அடுத்த பகுதியை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்பா. அச்சில் எல்லாப் பக்கமும் ஒரே அளவுதான். அவர்கள் கேட்ட கதையில் அல்லி படை திரட்டும் பக்கம் மற்றவற்றைவிட மிகப் பெரியது. பவளக்கொடி மாலையில் அல்லியின் மகன் புலந்திரன் பவளத்தேர் கேட்டு அழ, அதைத் தேடிப் போன அருச்சுனன் பவளக்கொடியைக் கலியாணம் முடித்துக்கொண்டு வருவான். அந்த இடத்தில் எழுந்த வசைகளை நான் எழுத முடியாது. கொழும்புக்குப் போன யார் யாரோ நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

அல்லியை மேடைக்குக் கொண்டுபோனவர் சங்கரதாஸ் சுவாமிகள். பவளக்கொடி 1934இல் சினிமாவாகி எம். கே. தியாகராஜ பாகவதரைக் கொடுத்தது. அங்கே பெயர் வாங்கியது பாட்டும் அருச்சுனனும். திண்ணையில் அப்படி இல்லை. சொல்பவர், கேட்பவர் இருவரும் பெண்களாக இருந்த இடத்தில் மட்டுமே அவள் கதையின் நடுவில் நின்றாள் என்பது என் எண்ணம்.

கோயில்களில் நடந்த கதை வேறு. யாழ்ப்பாணத்துச் சைவருக்கு ஊர்கூடிக் கேட்கும் நெடுங்கதை ஏற்கெனவே இருந்தது. கச்சியப்பரின் கந்தபுராணம் பத்தாயிரம் பாட்டுக்கு மேல். ஒருவர் பாட்டை இராகத்தோடு படிக்க, மற்றவர் பயன் சொல்லுவார். நாள்தோறும் தொடர்ந்து மாதக்கணக்கில் போகும். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை இதைக் கந்தபுராண கலாசாரம் என்றே பெயரிட்டு எழுதினார். பிள்ளையார் கோயிலில் பெருங்கதை 21 நாள். திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம். படிப்பவரும் பயன் சொல்பவரும் ஆண்கள். பெண்கள் விரதமிருந்து கேட்டார்கள், நன்றாகவும் கேட்டார்கள். ஆச்சி சூரபன்மன் மாமரமாய் நின்ற இடத்தை நடுங்க நடுங்கச் சொல்லுவா. ஆனால் அங்கே ஒரு பெண் எழுந்து கேள்வி கேட்கவோ, இந்த இடத்தை இன்னொரு தரம் படியுங்கள் என்று சொல்லவோ வழியில்லை.

கண்ணகை கோயிலை விட்டு விலகியதும் இந்த உலகத்தில்தான். கோவலனோடு வாழ்ந்த ஒரு சமணச் செட்டிப் பெண்ணைச் சைவர் தெய்வமாக வணங்கலாகாது என்பது ஆறுமுக நாவலரின் நிலை. நாவலர் எங்களுக்குத் தந்த உரைநடையும் பள்ளிக்கூடமும் அச்சும் பெரிய கொடை. அவருடைய வசனத்தில் கற்ற மொழியில்தான் இதையும் எழுதுகிறேன். இந்த ஒன்றில் அவரோடு நான் உடன்பட மாட்டேன். அவர் காலத்திலும் பின்னும் யாழ்ப்பாணத்துக் கண்ணகை கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி என்றும் புவனேஸ்வரி என்றும் பெயர் மாறின. கோவலனார் கதைப் படிப்பு அங்கே குறைந்துகொண்டே போனது. எங்கள் புங்குடுதீவிலும் கடலில் மிதந்து வந்த பேழையில் கிடைத்தவள் என்று ஊர் சொல்லும் கண்ணகை அம்மன், இராஜராஜேஸ்வரி என்ற பெயரில் பூசை கொள்கிறாள். ஆனாலும் கண்ணகை அம்மன் கோயில் என்று சொன்னால்தான் ஊரில் வழி காட்டுவார்கள்.

சிங்களவரிடம் இப்படி நடக்கவில்லை. மாங்கனியில் பிறந்த பத்தினித் தெய்வத்தின் பாட்டுகளை அவர்கள் சடங்குகளில் இரவிரவாகப் பாடி வந்தார்கள். கணநாத் ஒபேசேகர அவற்றையெல்லாம் திரட்டி ஆராய்ந்து 1984இல் பெருநூலாக வெளியிட்டார். மட்டக்களப்பிலும் வைகாசியில் கண்ணகை கோயிற் கதவு திறந்தால் வழக்குரை படிப்பு உண்டு, முடிவில் குளிர்த்தி உண்டு. முல்லைத்தீவு வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்த கிழவி அங்கே மாடு மேய்த்த சிறுவர்களிடம் தலையில் பேன் பார்க்கச் சொன்னாளாம், மயிரை விலக்கினால் தலையெல்லாம் கண்களாம். சின்ன வயதில் என்னை உறங்கவிடாத காட்சி அது.

கண்ணகையின் பெயரால் எங்கள் தீவில் நடந்த இன்னொன்றை விட்டுவிட்டால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். 1970களின் தொடக்கத்தில் எங்கள் கண்ணகை அம்மன் கோயிற் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் தண்ணீர் அள்ளத் தடை இருந்தது. நல்ல தண்ணி அரிதான தீவில் அது எத்தகைய தண்டனை என்பதை வெளியூராருக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். மு. தளையசிங்கம் எங்கள் ஊரவர். ஒரு தனி வீடு எழுதியவர், போர்ப்பறையும் மெய்யுளும் தந்த சிந்தனையாளர். அந்த மக்களோடு நின்று அறப்போராட்டம் நடத்தினார், பொலிசாரால் தாக்கப்பட்டார். 1973இல் நாற்பது வயதுகூட ஆகாமல் காலமானார். அரசனின் சபைக்கு நேரே போய் வழக்குரைத்தவளின் வாசலில் நியாயம் கேட்டவருக்கு அதுதான் கிடைத்தது. எங்கள் திண்ணையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே எல்லாப் பெண்களும் ஏறி இருக்கவில்லை. சிலர் முற்றத்தில் நின்று கேட்டார்கள். கண்ணகை சபையேறிய இடம் வந்தபோது அவர்களும் அழுதார்கள். அதைப் பார்த்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

திண்ணைக் கதையை முடித்துவைத்தது வாரப் பத்திரிகை. கல்கியில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் வந்தது. இதழ் கப்பலிலும் தபாலிலும் வந்து சேரப் பிந்தும். கொழும்பிலிருந்து வரும் மாமா கட்டாகக் கொண்டுவருவார். குஞ்சியம்மா அதையும் சத்தமாக வாசிக்கத் தொடங்கினா, சில வாரத்தில் விட்டுவிட்டா. குந்தவையையும் நந்தினியையும் ஒவ்வொருத்தியும் தனியே, மௌனமாக, தன் பாயில் கிடந்து வாசிக்க விரும்பினார்கள். அது கதையோடு இன்னொரு விதமான நெருக்கம். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் வாசித்தேன். பூங்குழலி தனியே படகு தள்ளும் இடத்தை எத்தனை தரம் படித்தேன் என்று கணக்கில்லை. கோடிக்கரையிலிருந்து அவள் வந்ததும் எங்கள் பக்கத்துக் கடலுக்குத்தானே. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்திய சஞ்சிகை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது தொடர்கதைகள் நின்றுபோயின, பிறகு வீரகேசரிப் பிரசுரங்கள் வந்தன. அதற்குள் எங்கள் திண்ணை வானொலிப் பெட்டிக்குப் போய்விட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவு முழுவதும் இடம்பெயர்ந்தது. சு. வில்வரத்தினத்தின் காற்றுவெளிக் கிராமம் என்ற தொகுப்பில் ஆளில்லாத அந்த ஊர்களைப் பார்க்கலாம். வீட்டிலிருந்த பெரிய எழுத்துப் புத்தகங்கள் கூரையோடு போயின. இன்று இறுப்பிட்டிச் சனத்தில் பெரும்பகுதி கனடாவிலும் பிரான்சிலும் சுவிசிலும் இருக்கிறது.

என் பேத்தி வளர்வதும் அந்த நாடுகளில் ஒன்றில்தான். பிலிப் புல்மன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1995க்கும் 2000க்கும் இடையில் வெளியிட்ட மூன்று பெரிய புத்தகங்களில் அவள் மூழ்கிக் கிடக்கிறாள். லைரா என்ற சிறுமி உலகம் விட்டு உலகம் போகிறாள். இறந்தவர்களின் நாட்டுக்கே இறங்கி அங்கே அடைபட்டவர்களை வெளியே விடுகிறாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் காது கேட்பதில்லை என்று மகள் தொலைபேசியில் முறைப்பட்டாள். விடு பிள்ளை, வாசிக்கட்டும் என்றேன். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு உயிர்மீட்புக் காதையைச் சொன்னேன். வெட்டுண்டு கிடந்த கோவலனைக் கண்ணகை எழுப்பி அவனோடு கதைக்கிற இடம். "ஏன் அம்மம்மா, எழுப்பத் தெரிஞ்சவள் ஏன் அவனை அப்பிடியே வைச்சிருக்கேல்லை?" என்று கேட்டாள். ஆச்சியிடம் இதே கேள்வியைக் குஞ்சியம்மா கேட்டிருக்கிறா. அவனை வைத்துக்கொண்டால் மதுரைக்கு யார் போவது என்று ஆச்சி சொன்னா. அதையே பேத்திக்கும் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. அவளுடைய லைரா போன இடத்திலிருந்து எல்லோரையும் வெளியே விட்டவள், ஆகவே இந்தக் கணக்கு அவளுக்குச் சரிவரவில்லை.

ஆகவே இப்போது சனிக்கிழமைகளில் மாங்கனியிலிருந்து தொடங்கியிருக்கிறேன். மகள் அதைப் பதிவுசெய்து வைக்கிறாள். எனக்கு மறந்துபோன இடங்களுக்கு மட்டக்களப்புப் பதிப்பைப் பார்க்கிறேன். ஆனால் யாழ்ப்பாணத்துப் பாடம் அதோடு எல்லா இடத்திலும் ஒத்துவராது. வெடியரசனை முக்குவர் சொல்லும் விதம் வேறு, மற்றவர் சொல்லும் விதம் வேறு. கோவலனார் கதையின் ஏடோ, பழைய அச்சோ, ஆச்சிமார் சொன்ன துண்டோ தீவாரின் எந்த வீட்டில் எஞ்சியிருந்தாலும் அதை நூலகம் எண்ணிம நூலகத்தாரிடம் கொடுத்து வையுங்கள். படியெடுத்துக்கொண்டு ஏட்டைத் திருப்பித் தருவார்கள். நெடுந்தீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் வயதான பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது வீரநாராயணன் பட்ட இடம். அதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம் அதிகம்.